சொட்டு நீலத்தில் முக்கிய நிலா

வாடா பேராண்டி, மூணு நாளா சோறு தண்ணி மறந்து அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள கிடக்கியே, என்னதான் வரைஞ்சிருக்கேன்னு பாப்போம். ஓ, நிலா வெளிச்சமா? நான் பகல்ல வரைஞ்ச படத்தைச் சொட்டு நீலத்துல முக்கிக் காயப்போட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன்.

கோவிச்சுக்காதே. சினிமாக்காரங்களே நடுப்பகல்ல படம் புடிச்சு, நீலக் கண்ணாடியை மாட்டி ராத்திரின்னு நம்ப வச்சவங்கதான். ஆனா நிலா வெளிச்சத்துல ஏதுடா நீலம்? சூரியன் வெளிச்சந்தான் அந்தக் கல்லுல பட்டு வருது. கல்லும் தார் ரோடு கணக்கா கருப்பு. நூறு பங்கு விழுந்தா பன்னெண்டு பங்கைத்தான் திருப்பிக் குடுக்கும். நிறம் பாத்தா வெயிலைவிடத் துளி மஞ்சளாத்தான் இருக்கும். நம்ம கண்ணுதான் இருட்டுல கணக்கை மாத்திக்கிது. சிவப்பை மொதல்ல கைகழுவிரும். நீலம், பச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். யாரோ புர்கின்யேன்னு செக் நாட்டுக்காரர் இருநூறு வருசத்துக்கு முன்னாடி கண்டு சொன்னாருன்னு நீதானே படிச்சுக் காட்டுனே? எங்க செட்டுக்கு அது பதினாறு வயசுலயே தெரியும். பௌர்ணமிக்கு இளநி வெட்டப் போனா செவப்புத் துண்டுதான் கட்டுவோம். தூரத்துல நின்னு பாத்தா கரிக்கட்டை. வெள்ளை வேட்டியில வந்த பயதான் மாட்டுனான். யார் தோப்புன்னு கேக்காதே, உள்ளே உங்க பாட்டி முழிச்சிருக்கா.

இப்போ உன் திண்ணையைப் பாரு. காயப்போட்ட மிளகா நெருப்பா எரியுது! அதைக் கருக்கு. பக்கத்துல இருக்கிற இலையைச் சாம்பல் பச்சையில ஒரு படி தூக்கி விடு. அந்தச் சுண்ணாம்புச் சுவர் மட்டும் வெளுத்து நிக்கட்டும்.

அப்புறம் இந்தப் பானை. சுத்தி ஓரமெல்லாம் இருட்டு, நடுவுல வெளிச்சம். இதுக்குப் பிக்சல் படம் போடுற உங்காளுங்க பில்லோ ஷேடிங்னு பேர் வச்சிருக்காங்களாமே. பேரு பொருத்தந்தான், தலையணை மேலே படுத்துக்கிட்டே வரைஞ்ச மாதிரி இருக்கு. நிலா வலப்பக்கம் நிக்குது. கிணத்து நிழல் இடப்பக்கம் விழுது, சரி. கிழவி நிழல் ஏண்டா வலப்பக்கம் போகுது? அவளுக்குன்னு தனியா ஒரு நிலா வச்சிருக்காளா?

நிழலோட ஓரத்தையும் புள்ளி வச்சு மழுப்பியிருக்கே. வானத்துல சூரியனும் நிலாவும் கண்ணுக்கு ஒரே அளவு, அரை டிகிரி. அதனால நிலா நிழலும் வெயில் நிழல் மாதிரி வெட்டுனாப்லதான் விழும். புள்ளியை வானத்துக்கு வச்சுக்கோ. மரத்தடியில இலை இலையா வேற எண்ணி வரைஞ்சிருக்கே. பௌர்ணமி நிலா வெளிச்சம் சூரியனுக்குச் சுமாரா நாலு லட்சத்துல ஒரு பங்குதான், எவன் கண்ணுக்குடா அங்கே இலை தெரியும்? ஒரே இருட்டாப் பூசிட்டு, பானை விளிம்புல நாலு பிக்சல், ஓட்டு ஓரத்துல ஒரு கீத்து, தொட்டித் தண்ணியில ரெண்டு. போதும்.

1990-ல லூம்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்துச்சாமே. மார்க் ஃபெராரிங்கிற ஆளு வெறும் 16 நிறத்தை வச்சு, புள்ளி மாத்திப் புள்ளி கலந்தே ராத்திரியைக் காட்டுனாராம். நீ 64 வச்சிருக்கே. எண்ணிப் பாத்தேன், நாப்பது நீலம்.

அடுத்த படமா? இதென்ன, மூணாம் பிறை நடுச்சாமத்துல உச்சியில நிக்குது? அது பொழுது சாஞ்சு ரெண்டு மணி நேரத்துல, மூணு மணி நேரத்துல மேக்கே இறங்கிப் போயிருமேடா. உனக்காக ஓவர்டைம் பாக்குதா? பிறைக் கொம்பு ரெண்டுக்கும் நடுவுல நட்சத்திரம் வேற. அந்த இடத்துலயும் நிலாதாண்டா இருக்கு, இருட்டா இருக்கு. நிலாவை ஓட்டை போட்டுட்டியே!

சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. இன்னைக்குப் பௌர்ணமிதான். அந்த டியூப்லைட்டை அமத்திட்டு மொட்டை மாடிக்கு வா, கால் மணி நேரம் கண்ணு பழகட்டும், காட்டுறேன். வரும்போது என் கயித்துக்கட்டிலையும் தூக்கிட்டு வந்துரு, கீழே கொசு தாங்கல.