கத்தியில்லாத வெட்டு

கேள்வி: கில்லட்டின் என்றால் தலை வெட்டும் இயந்திரம்தானே? ஹட்டன் அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷினையும் அப்படித்தான் சொல்கிறார்களே?
– ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: மேலிருந்து இறங்கும் கத்திக்குத் தலையும் ஒன்று, தாளும் ஒன்று! பிரான்சில் 1792இல் முதல் தலை விழுந்தது, 1977இல் கடைசி. டில்லி மக்களவையிலும் கில்லட்டின் உண்டு: நேரம் முடிந்ததும் விவாதத்தை வெட்டி, மிச்ச மானியக் கோரிக்கைகளை மொத்தமாக வாக்குக்கு விடுவார் சபாநாயகர்.

நம் மலையகத்தில் விழுந்ததோ கத்தியில்லாத வெட்டு. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. குடியுரிமை இன்றி எஞ்சியோருக்கும் அதைத் தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை சில மாதங்களில் துளிர்த்துவிடும். வெட்டிய உரிமை துளிர்க்க 55 ஆண்டுகள்! அதனால் தேர்தல் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.