ஆஃப் சைடில் பள்ளத்தாக்கு

கிகாலி, ருவாண்டா
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் அத்தையிடம் ஒரு மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். மூன்று உறை போட்டுச் சுற்றிக் கொடுத்த கைமுறுக்கு வந்து சேர்ந்தது, உறைகள்தான் வரவில்லை. இந்த நாட்டில் 2008-லிருந்து பாலித்தீன் பைக்குத் தடை. விமான நிலையத்தில் ஒரு அம்மா என் பெட்டியைத் திறந்து பைகளை மட்டும் உருவிக்கொண்டு, முறுக்கை மரியாதையாகத் திருப்பித் தந்தார். வேறு வழியில்லாமல் புது பேடுக்குள் செருகி எடுத்துப் போனேன். நான் இங்கே வந்து முதலில் பேடு கட்டிவிட்டது அத்தை முறுக்குக்குத்தான்.

"சம்பளம் எவ்வளவுல?" என்று நீங்கள் வாட்ஸப்பில் கேட்டதற்கு ஒரு வாரமாகப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது மாமா. டிக்கெட்டும் என் கைக்காசு. காலையில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு கிரிக்கெட், சாயங்காலம் அதே பள்ளி வாத்தியார்களுக்கு கோச்சிங் பயிற்சி. ஆறு வாரம். நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் இங்கே கேட்கிறது.

ஆயிரம் குன்றுகளின் நாடு என்று இதற்குப் பெயர். நான் பார்த்த பள்ளி மைதானம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குன்றின் இடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. லெக் சைடில் மேடு, ஆஃப் சைடில் பள்ளத்தாக்கு. கவர் டிரைவ் அழகாக விழுந்தால் பந்து வாழைத்தோப்பில் உருண்டு, அவரைக்காய்ப் பாத்தியில் துள்ளி, கீழ்த்தெருவில் யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கும். எடுத்து வர இரண்டு பையன்கள் இறங்கினால் ஏறி வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அதனால் வாழைத்தோப்புக்குள் போனால் அவுட் என்று பிள்ளைகளே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் தெருவில் போஸ்ட்மாஸ்டர் வீட்டு காம்பவுண்டுக்குள் அடித்தால் அவுட் என்று நீங்கள் போட்ட அதே சட்டம். கேட்டதும் ஊரில் இருப்பதுபோல ஆகிவிட்டது.

பாஷை கின்யர்வாண்டா. 'ஓயா' என்றால் 'இல்லை'. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, களைப்பா என்று கேட்டால் ஐம்பது பிள்ளைகளும் "ஓயா!" என்று கத்துகிறார்கள். தமிழில் எடுத்துக்கொண்டாலும் சரிதான், ஓயாத கூட்டம். 'ஏஜோ' என்ற சொல்தான் என் காலை வாரியது. அதற்கு 'நாளை' என்றும் பொருள், 'நேற்று' என்றும் பொருள். பக்கத்தில் வரும் வினைச்சொல்லை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி ஏஜோ என்று ஒருவர் சொன்னதை நம்பி, பேட்டும் ஸ்டம்புமாக மோட்டோ ஏறிப் போய் இறங்கினேன். பயிற்சி முந்தின நாளே முடிந்திருந்தது. (மோட்டோ என்பது பைக் டாக்சி. பின்னால் ஒரே ஆள்தான், அவருக்கும் ஹெல்மெட் உண்டு. பாளையங்கோட்டையில் மூன்று பேரும் ஒரு கிட் பையுமாகப் போவோம் என்றேன். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.)

சாப்பாடு பரவாயில்லை. அவித்த வாழைக்காய், பீன்ஸ், மரவள்ளி இலை மசியல். புளித்த பாலுக்கு இகிவுகுட்டோ என்று பெயர். நம்ம மோரின் ஒன்றுவிட்ட தம்பி. மிளகாய் எண்ணெயைச் சொட்டு மருந்து பாட்டிலில் வைத்திருக்கிறார்கள். நெல்லைக்காரன் வீறாப்பில் நான் அதை ஊற்றிக்கொண்டதைப் பற்றி இனி பேச வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு கிரிக்கெட் தெரியும், ஆனால் சொல்லித்தரத் தெரியாது. அது இங்கே வந்த மூன்றாம் நாள் தெரிந்துபோயிற்று. நம்ம ஊர் வ.உ.சி. மைதானத்து வேலியோரம் நின்றே எனக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டது. யாரும் எதையும் விளக்கியதில்லை. இங்கே பந்தென்றால் கால்பந்துதான். முதல் நாள் நான் உருட்டிவிட்ட பந்தை ஃபீல்டிங் செய்யச் சொன்னால் எல்லோரும் காலால் அழகாக நிறுத்தி, எனக்கே பாஸ் கொடுத்தார்கள். 'நோ பால்' என்று கை நீட்டினேன். "பந்து இதோ இருக்கிறதே" என்று ஒரு சிறுமி எடுத்துக் காட்டினாள். அவள் பக்கம்தான் நியாயம்.

பந்துவீச்சுதான் பெரும்பாடு. எல்லோரும் எறிகிறார்கள். முழங்கை மடங்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன், சைகையில் சொன்னேன், கடிகார முள் என்றேன், ராட்டினம் என்றேன், ஒரு பையன் கையில் ஸ்கேல் வைத்துக் கட்டியும் பார்த்தேன். கட்டிக்கொண்டவன் மட்டும் நேராக வீசினான், பந்து பின்பக்கமாகப் போயிற்று.

பயிற்சிக்கு வந்திருந்த ஒரு டீச்சரம்மா ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவியல் பாடம் எடுப்பவர், அதற்கு முந்தின வாரம்தான் பேட்டையே முதன்முதலாகத் தொட்டவர். இன்யம்போ என்று இங்கே ஒரு மாட்டு இனம் உண்டு. மன்னர் காலத்திலிருந்து கொண்டாடப்படுவது. அதன் கொம்பைப் பார்த்தால் காங்கேயம் காளையே வெட்கப்படும். இவர்கள் நடனத்தில் அந்தக் கொம்பைப்போல இரண்டு கைகளையும் உயர்த்துவார்கள், கல்யாண வீடுகளில் பார்த்தேன். டீச்சரம்மா இரண்டு கையையும் அப்படித் தூக்கி, இன்யம்போ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஐம்பது ஜோடிக் கைகள் மேலே போயின. ஒரு முழங்கைகூட மடங்கவில்லை. அப்புறம் ஒரு கொம்பைக் கீழே இறக்கி இன்னொன்றைச் சுற்றி விடச் சொன்னார், அவ்வளவுதான். நான் ஸ்கேலை அவிழ்த்தேன்.

அன்றிலிருந்து காலை வகுப்பைவிட சாயங்கால வகுப்புக்குத்தான் அதிகம் தயார் செய்கிறேன். நான் போன பிறகும் இருக்கப்போகிறவர்கள் இந்த வாத்தியார்கள்தானே.

"பெல்ஜியம்காரன் ஆண்ட ஊரில் என்னல கிரிக்கெட்?" என்று புறப்படும்போது கேட்டீர்கள். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு உகாண்டாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் ஊர் திரும்பிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் கொண்டுவந்த ஆட்டம் இது. கிரிக்கெட் சங்கம் வந்தது 1999-ல். தொடக்கத்தில் அவர்கள் ஆடியது கிச்சுகிரோவில் ஒரு தொழிற்பள்ளி மைதானத்தில். அந்தப் பள்ளியில் தஞ்சம் புகுந்திருந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களை 1994 ஏப்ரலில் ஐ.நா. படை விட்டுவிட்டுப் போக, பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேறொன்றும் எழுத வரவில்லை.

இப்போது கஹாங்காவில் தனி ஸ்டேடியமே இருக்கிறது, 2017-ல் திறந்தது. பந்து குத்தி எழுந்து மறுபடி குத்திப் போகும் வளைவில் மூன்று கூரைகள். அதற்குக் காசு திரட்ட 2016-ல் எரிக் துசிங்கிசிமானா, அப்போதைய தேசிய அணி கேப்டன், வலைக்குள் 51 மணி நேரம் பேட் செய்தார், அன்றைக்கு அது உலக சாதனை. பக்கத்துத் தெரு அணிக்கு எதிராகக் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை நின்றேன் என்று நீங்கள் தீபாவளிதோறும் சொல்வதை வாத்தியார்களிடம் பெருமையாகச் சொன்னேன். மரியாதைக்காகக் கைதட்டினார்கள். 2023-ல் 19 வயதுக்குட்பட்ட பெண்களின் முதல் உலகக் கோப்பையில் இந்த நாட்டுப் பிள்ளைகள் ஜிம்பாப்வேயைத் தோற்கடித்தார்கள், வெஸ்ட் இண்டீஸையும் தோற்கடித்தார்கள். ஜிம்பாப்வேக்கு எதிராக ஹென்ரியட் இஷிம்வே நான்கு பந்தில் நான்கு விக்கெட். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் எல்லோரும் இப்போது அவர்தான். பேட் செய்ய ஆள் தேடுவதே பெரிய வேலை.

நேற்று டீச்சரம்மாவின் தேர்வு. ஐம்பது பிள்ளைகள், இரண்டு பேட், நாற்பது நிமிடம், யாரும் சும்மா நிற்கக் கூடாது. நான் கையில் நோட்டுடன் மதிப்பெண் போடப் போனேன். பத்தாவது நிமிடம் ஒரு பையனின் பிடியைத் திருத்தலாம் என்று உள்ளே நுழைந்தேன். "சார், அங்கே ஆள் இல்லை" என்று பள்ளத்தாக்கைக் காட்டினார். இறங்கி, வாழைத்தோப்பு முனையில் நின்றுகொண்டேன். நல்ல இடம்தான் மாமா, நிழல் உண்டு. நான்கு பந்து பிடித்தேன், ஒன்றைக் கோட்டைவிட்டேன். மேலேயிருந்து "ஓயா!" என்று கேட்டது. எதற்கு என்று கேட்கவில்லை.

முறுக்கு தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை அனுப்புவதானால் துணிப்பையில் கட்டச் சொல்லுங்கள்.

எப்போது ஊருக்கு வருகிறேன் என்று அத்தை கேட்டார்களாம். ஏஜோ என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்
உங்கள் மருமகன்