ஹார்டுவேர் இன்ஜினியர் ஆவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று சொல்லாத பிள்ளை இந்தக் காலத்தில் அபூர்வம். நீங்கள் அந்த அபூர்வப் பிறவியா? கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தே தீருவேன் என்கிறீர்களா? கீழ்க்கண்ட படிகளைத் தவறாமல் பின்பற்றவும். பின்விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

படி 1: பென்சில் ரப்பர் ஒன்று வாங்குங்கள்

நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவான ஈ.சி.ஈ.யில் சேர்ந்த செய்தி பரவிய அன்றே பெரியப்பா வீட்டு சி.பி.யு. உங்கள் கூடத்துக்கு வந்துவிடும். ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தும். திரையில் ஒன்றும் வராது. பதறாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராம் கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, 'டக்' என்று உட்காரும்வரை திரும்ப அழுத்துங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். "பையன் கெட்டிக்காரன்டா!" என்பார் பெரியப்பா. நாலு வருஷப் படிப்பில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய பாராட்டு இதுதான்; அனுபவித்துக்கொள்ளுங்கள்.

படி 2: விரலைச் சுட்டுக்கொள்ளுங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் 7400 என்ற ஐ.சி. கேளுங்கள். மொத்தம் பதினாலு கால். பதினாலாவது காலுக்கு 5 வோல்ட், ஏழாவதுக்கு கிரவுண்ட். மாற்றிக் கொடுத்துவிட்டு மேலே விரலை வையுங்கள். அப்புறம் ஆயுசுக்கும் டேட்டா ஷீட் பார்க்காமல் ஒயரைத் தொடமாட்டீர்கள்.

படி 3: பொய் சொல்லாதீர்கள்

கேம்பஸுக்கு வரும் சாஃப்ட்வேர் கம்பெனி, "ஈ.சி.ஈ. படித்துவிட்டு இங்கே எதற்கு?" என்று கேட்கும். "கோடிங்தான் சார் என் உயிர்" என்பவருக்கு உடனே ஆர்டர். உண்மையைச் சொன்னவருக்கு கேட் பரீட்சை, வி.எல்.எஸ்.ஐ. எனும் சிப் டிசைனில் எம்.டெக்., அப்புறம் பெங்களூரு பஸ்.

படி 4: சாலிடரிங் அயர்னைப் பரணில் போடுங்கள்

சிப் டிசைன் வேலையில் சிப்பைக் கண்ணால் பார்ப்பதே அரிது. காலை முதல் இரவு வரை வெரிலாக் என்ற மொழியில் கோடிங் எழுத வேண்டும். ஆம், எதிலிருந்து தப்பித்து வந்தீர்களோ அதேதான். ஒரே வித்தியாசம், சாஃப்ட்வேர்காரர்கள் தப்பு செய்தால் அடுத்த வாரம் அப்டேட் அனுப்புவார்கள். சிலிக்கானில் பதிந்த தப்புக்கு அப்டேட் கிடையாது.

படி 5: யாரையும் நம்பாதீர்கள்

அதனால்தான் டிசைன் செய்பவருக்குப் பின்னால், அதில் குற்றம் கண்டுபிடிக்க வெரிஃபிகேஷன் என்று ஒரு படையே உட்கார்ந்திருக்கும். மாமியார் பார்வை இருந்தால் இங்கே நல்ல எதிர்காலம். குற்றம் கண்ணில் படாமல் தப்பினால் என்ன ஆகும்? 1993-இல் வந்த இன்டெல்லின் பென்டியம் சிப்பில் 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வருவதற்குப் பதில் 1.3337 வந்தது. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பாமல் விட்டுப்போயிருந்தன. தாமஸ் நைஸ்லி என்ற கணக்குப் பேராசிரியர் கண்டுபிடித்துச் சொன்னார். இன்டெல் இதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். நாலாவது தசம ஸ்தானத்தில் ஒன்று குறைந்ததற்கு!

படி 6: காத்திருங்கள்

டிசைனை ஃபேக்டரிக்கு அனுப்புவதற்கு டேப்-அவுட் என்று பெயர். அன்று கேக் வெட்டுவார்கள். சிப் திரும்பி வர மாதங்கள் ஆகும். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசர்கூட, 2018-இல் அமெரிக்காவில் இன்டெல் ஆலைக்குப் போய்த்தான் சிப்பாகி வந்தது. வந்த சிப் போர்டில் பூட் ஆகும்வரை அந்தக் கேக் ஜீரணமாகாது.

படி 7: வாயைத் திறக்காதீர்கள்

இத்தனைக்கும் பிறகு கல்யாண வீட்டில் ஒருவர், "மாப்ளே, நீங்க கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே? இந்த போன் ரொம்ப சூடாகுது, கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டுவார். வாங்கிப் பார்த்தால், உள்ளே இருப்பது நீங்கள் மூன்று வருஷம் உழைத்த சிப்பாகவே இருக்கும். அதை மட்டும் சொல்லித் தொலைக்காதீர்கள். "சார்ஜரை மாத்திப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நடையைக் கட்டுங்கள்.