சோடாவுக்குப் பில் எங்கை?

ஓமந்தைப் பக்கத்தில் ஏதாவதொரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பொருளாளர் எழும்பிக் கணக்கு வாசிப்பார். பந்து. வலை. கோல் கம்பத்துக்குப் பெயின்ற். இறுதிப் போட்டிக்கு வந்த பிரமுகர்களுக்குச் சோடா. உடனே பின்வரிசையில் ஒரு பெடியன் கேட்பான்: "சோடாவுக்குப் பில் எங்கை?" மனுசனுக்கு வேர்த்துக் கொட்டும்.

கேட்ட பெடியன் போட்டிருப்பது செல்சி ஜெர்சி.

அந்தச் செல்சியை 2022இல் புது முதலாளிகள் 250 கோடி பவுணுக்கு வாங்கினார்கள். பிறகு கழகம் தன் இரண்டு ஹோட்டல்களை 7.65 கோடி பவுணுக்கு விற்றது. வாங்கியது யார்? அதே முதலாளிகளின் இன்னொரு கம்பனி. அதுவும் போதவில்லை. 2024இல் பெண்கள் அணியையே ஏறக்குறைய 20 கோடி பவுணுக்கு வீட்டுக்குள்ளேயே கைமாற்றினார்கள். ஏட்டில் இலாபம் பொங்கியது. பிரிமியர் லீக் விதியில் இதற்கு ஓட்டை இருந்தது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் இந்த இலாபத்தைக் கணக்கில் எடுக்க மறுத்து, 2025இல் 3.1 கோடி யூரோ தண்டம் அடித்தது. எங்கள் பொருளாளர் கழகத்தின் தண்ணீர்த் தாங்கியைத் தன் மனைவிக்கு விற்று இலாபம் எழுதியிருந்தால், கூட்டம் முடியும்வரை கூடப் பொறுத்திருக்க மாட்டோம்.

மன்செஸ்டர் யுனைட்டட் கதை இன்னும் சோக்கானது. 2005இல் கிளேசர் குடும்பம் கடன்பட்டு அதை வாங்கியது. கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. வட்டி கட்டியது ரசிகன். 2024இல் 'சிக்கனம்' வந்தது. முதலாளிக்கு அல்ல. 250 ஊழியர்களின் வேலை போனது. சிறுவனுக்கும் கிழவனுக்கும் சலுகையில்லாமல் 66 பவுண் டிக்கெட் வந்தது.

ஜெர்மன் ரசிகர்கள் வேறு சாதி. 2024 பெப்ரவரியில் லீக்குக்கு வெளி முதலீட்டாளர் வேண்டாம் என்று மைதானத்துக்குள் ரெனிஸ் பந்துகளை வீசினார்கள். ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. கடைசியில் லீக் அந்தப் பேரத்தையே கைவிட்டது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். 2023 முதல் 2026 வரை ஒவ்வொரு நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் 80 இலட்சம் டொலர் வரை தர பீபா திட்டம் வைத்திருக்கிறது. இலங்கைக்கும்தான். அதில் எவ்வளவு வந்தது, எங்கே போனது? ஓமந்தையில் கேட்டுப் பாருங்கள். புழுதி மைதானம் பதில் சொல்லும். ஏ-9 வீதிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிக் காட்டியே கை தேய்ந்த சனம் நாங்கள். கொழும்புக் கதிரைகளின் பையை எந்தச் சாவடியிலும் எவரும் கொட்டிப் பார்க்கவில்லை. பார்த்தது வெளிநாடு. சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் வாழ்நாள் தடை போட்டது பீபாதான். இங்கே ஒரு பெரியவரும் வாய் திறந்ததாக நினைவில்லை.

பிறகு சம்மேளனத்துக்குள் தேர்தல் சண்டை. அரசாங்கம் மூக்கை நுழைத்தது. 2023 ஜனவரியில் பீபா நாட்டையே இடைநிறுத்தியது. ஏழு மாதம் இலங்கை அணி எதுவும் சர்வதேச மைதானத்தில் கால் வைக்க முடியவில்லை. உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்த நாடு இது. கதிரைக்கு அடிபட்டவர்கள் செப்டம்பரில் திரும்பவும் தேர்தல் வைத்தார்கள். அந்த ஏழு மாதத்தில் வயது கடந்துபோன பெடியளுக்கு எந்தத் தேர்தலும் இல்லை.