இடப்பக்கம் ஐந்து சென்டிமீட்டர்

கடனுக்குச் சரக்கு போட்டீர்கள், கம்பெனி கையை விரித்துவிட்டது, அப்படித்தானே? கவலையே வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 2016-இல் திவால் சட்டம் கொண்டுவந்தார்கள். சென்னை ராஜாஜி சாலை கார்ப்பரேட் பவனில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திறந்தே இருக்கிறது. ஏமாந்த கதையைக் காகிதத்தில் காட்டினால் போதும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, இரட்டை வரி இடைவெளி விட்டு, இடப்பக்கம் 5 சென்டிமீட்டர், வலப்பக்கம் 2.5, மேலே 4 ஒதுக்கி, பக்க எண் போட்டு, அட்டவணை வைத்து, தைத்துக் கொடுக்க வேண்டும். தட்டச்சோ அச்சோ தோதுப்படாவிட்டால் கல்லச்சிலும் கொடுக்கலாம் என்கிறது தீர்ப்பாயத்தின் 20-ஆம் விதி. எழுதப்பட்டது 2016-இல். அம்பத்தூர் லேத் பட்டறைக்காரருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்து அனெக்சர்கள். பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், டெலிவரி செலான், ஈ-வே பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன், லெட்ஜர், பணம் வரவே இல்லை என்பதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட். கேட்டில் செக்யூரிட்டி குத்திய முத்திரை செலானின் மூன்றாவது கார்பன் பிரதியில் கறையாகத்தான் இறங்கியிருக்கும். ஜெராக்ஸ் எடுத்தால் அந்தக் கறையும் பாதி காணாமல் போகும். மங்கலாக இருக்கிறது, டைப் செய்து இணைக்கவும் என்று கட்டு திரும்பி வரும். வக்கீல் குமாஸ்தா அந்தக் கறையைப் பார்த்து டைப் அடிப்பார்: 'முத்திரை தெளிவில்லை. கையெழுத்து தெளிவில்லை.' ஆட்சேபம் தீர்ந்தது. செலானின் பின்பக்கம் லாரி டிரைவர் 'சரக்கு எறக்கியாச்சு' என்று எழுதியிருந்தால் அதற்கு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு.

'அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடறோம் சார்' என்று அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப்பையும் சேர்க்கலாமே என்று தோன்றும். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் அமலில் இருக்கிறது. 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர். எஸ்எச்ஏ-256 முறை என்றால் 64 எழுத்து. சார் போட்டுடுவார் என்று நம்பியதற்கு இந்த அபராதம்.

எதிர்த்தரப்புக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பாக்கி கேட்டு நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் போய்ச் சேருவதற்கு முந்தைய தேதியில், 'நாலு பீஸ் அளவு சரியில்லை' என்று ஒரு மெயில் கிடைத்தால் போதும், ஏற்கெனவே தகராறு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெற்றுச் சாக்கை ஏற்கக் கூடாது என்று 2017-இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அது வெற்றுச் சாக்குதான் என்று காட்ட உங்களுக்கு இன்னும் பத்து அனெக்சர் தேவைப்படும்.

எல்லாம் கூடிவந்து கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனதும் இன்னொரு வேடிக்கை. கணக்குப் புத்தகங்களைக் கொடுங்கள் என்று தீர்ப்பாயம் நியமித்த தீர்வு அதிகாரி கேட்டால் முதலாளிக்குக் காது கேட்காது. 19-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்திடம் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டும். செலான் வைத்திருப்பவன் மார்ஜினை ஸ்கேல் வைத்து அளக்கிறான். கோடிகளை முழுங்கியவனின் லெட்ஜர் எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, அதைத் தேட ஒருவருக்கும் அவசரமில்லை. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த ஸ்கேலை முதலாளி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

பிறகு கடன் கொடுத்தவர்கள் குழு கூடும். ஓட்டு வங்கிகளுக்கு. சரக்கு போட்டவர்களின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதமாவது இருந்தால் அவர்களின் பிரதிநிதி உள்ளே போய் உட்காரலாம். ஓட்டுப் போட முடியாது. 2021 ஜூனில், திவாலான வீடியோகானை வாங்கும் திட்டத்துக்குத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு ஒப்புதல் கொடுத்தது. ஏற்கப்பட்ட பாக்கி சுமார் 64,839 கோடி; வாங்குபவர் தருவது சுமார் 2,962 கோடி. சரக்கு போட்டவர்களுக்கு நூறு ரூபாய்க்கு 72 காசு! கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்கவில்லை என்று தீர்ப்பாயமே உத்தரவில் எழுதியது. எழுதிவிட்டு ஒப்புதலும் கொடுத்தது. வங்கிகளின் வணிக ஞானத்தில் குறுக்கிடக் கூடாதாம். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து குழுவுக்கே திருப்பி அனுப்பியது.

இந்தப் பாக்கியம்கூட எல்லோருக்கும் வாய்க்காது. வழக்கு போடக் குறைந்தபட்ச பாக்கி ஒரு லட்சமாக இருந்தது. 2020 மார்ச் 24 அன்று அதை ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு வரவேண்டியது 96 லட்சம்தானா? அவர்களிடமே ஒரு புது ஆர்டர் வாங்கி, இன்னும் 4 லட்சத்துக்குக் கடனுக்குச் சரக்கு போட்டுவிட்டு வாருங்கள்.