மடக்குக்கத்தி வைத்திருப்போரிடம் காணப்படும் வேலை தேடும் இயல்பு: ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலை இருப்பதால்தான் மனிதன் கருவியைக் கையில் எடுக்கிறான் என்பது அறிஞர் உலகம் ஐயமின்றி ஏற்றுவந்த கொள்கை. மண்வெட்டிக்கும் கரண்டிக்கும் இது பொருந்தும். சட்டைப்பையில் மடக்கிப் போட்டுக்கொள்ளும் சிறு கத்திக்குப் பொருந்தாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். மடக்குக்கத்தி வாங்கியவன் அன்று மாலையே, வெட்டுவதற்கு ஏதாவது சிக்குமா என்று வீட்டைச் சுற்றிவரத் தொடங்குகிறான். சிக்காவிட்டால் குச்சி சீவுகிறான். குச்சியும் தீர்ந்தால் இன்னொரு கத்தி வாங்குகிறான். இம்மூன்று நிலைகளையும் வரலாறு, வகைப்பாடு, களப்பணி ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஆய்வு எல்லை

பட்டாக்கத்தி, வீச்சரிவாள், சூரிக்கத்தி ஆகியவை நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கங்களில் போதிய அளவு ஆராயப்பட்டுவிட்டதால் இங்கே விலக்கப்படுகின்றன. பட்டனை அழுத்தினால் துள்ளித் திறப்பது பழைய திரைப்பட வில்லன்களின் தனியுரிமை. அதில் நாம் கை வைப்பதற்கில்லை. அரிவாள்மனையிலும் மடக்கும் வகை உண்டு. ஆனால் அது சட்டைப்பையில் அடங்காது. தவிர, அன்றாடம் உண்மையாகவே வேலை செய்வதால் இவ்வாய்வுக்குப் பயன்படாது.

வரலாற்றுப் பின்னணி

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த, எலும்புக் கைப்பிடி போட்ட மடக்குக்கத்தி ஏறத்தாழ கி.மு. 600–500 காலத்தது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானிய வெள்ளிக் கருவி ஒன்றில் கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூர்முனை என்று பலதும் மடங்கிக் கிடக்கின்றன. ஒரு கருவிக்கு ஒரு வேலை போதாது என்ற கவலை கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

இக்கவலைக்கு முழு வடிவம் தந்தவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர். 1884-இல் இபாக் ஊரில் பட்டறை தொடங்கிய இவர், 1891-இல் தம் நாட்டுப் படைக்குக் கத்தி வழங்கினார். அந்தக் கத்தியில் துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்புளியும் டப்பா திறக்க ஒரு கொக்கியும் இருந்தன. அதாவது வேலை முன்பே இருந்தது. 1897 ஜூன் 12 அன்று அவர் பதிவு செய்த ‘அதிகாரிகள் கத்தி’யில்தான் நம் கருதுகோள் தலைகாட்டுகிறது. அதில் தக்கைத் திருகி சேர்ந்தது. படை அதை வழங்கவில்லை. அதிகாரிகள் கைக்காசு போட்டு வாங்கினார்கள். ஒயின் புட்டி புழங்காத தமிழ் வீடுகளில் அந்தத் திருகி இறுகிப்போன நைலான் கயிற்று முடிச்சை நெகிழ்த்துகிறது. இதே மரபில் வந்த, 33 பயன்கள் கொண்ட பெரிய கத்தியில் மீன் செதில் சுரண்டியும் உண்டு. நம் ஊரில் செதிலைச் சுரண்டித் துண்டு போட்டுத் தரும் மீன்காரம்மா கத்தியில் அந்த ஒரு பயனும் இல்லாமலே பிழைப்பு நடக்கிறது.

பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் செய்த கத்தி இதற்கு நேர் எதிர். ஒரு மரப்பிடி, ஓர் அலகு. 1955-இல் அலகைப் பூட்ட ஒரு வளையம் சேர்ந்தது. அவ்வளவுதான். ஆனால் 1897-இல் இதை 1 முதல் 12 வரை எண்ணிட்டு விற்றார்கள். 1935-இல் 1-ஆம் எண்ணையும் 11-ஆம் எண்ணையும் நிறுத்தினார்கள். முதலாவது, இரண்டு செ.மீ. அலகோடு, எளிதில் தொலைந்துபோகும் அளவுக்குச் சிறியது. மற்றது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தனித்துத் தெரியவில்லை. மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி அலகை இறுக்கிக்கொண்டால், பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள்; அலகு எட்டிப் பார்க்கும். இதற்குச் ‘சவோய்க்காரன் தட்டு’ என்று பெயர். கத்தியைத் திறப்பதே ஒரு வேலையாக உயர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இலக்கியச் சான்று 1876-இல் வெளிவந்த ‘டாம் சாயர்’ நாவலில் உள்ளது. வேத வசனம் ஒப்பித்ததற்காக டாமுக்குப் பன்னிரண்டரை சென்ட் மதிப்புள்ள பார்லோ கத்தி ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. அது எதையும் வெட்டாது என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் பையன் பூரித்துப்போய் அலமாரியில் கீறத் தொடங்குகிறான். அடுத்து இழுப்பறைப் பெட்டிக்குப் போவதற்குள் ஞாயிறுப் பள்ளிக்குக் கிளம்பச் சொல்லி அழைப்பு வருகிறது. கத்தி கைக்கு வந்ததற்கும் வேலை தேடத் தொடங்கியதற்கும் இடையே ஒரு பத்திகூட இல்லை என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

ஜப்பானின் ஹிகோனோகாமி மட்டும் விதிவிலக்கு. ஹியோகோ மாநிலத்து மிகி நகரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த இந்தக் கத்திக்கு மடித்த தகடே பிடி. பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்ததால் அதற்கு உண்மையான வேலை இருந்தது. 1960-இல் சோஷலிஸ்ட் தலைவர் அசானுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றது குட்டை வாள். அதன்பின் நாடெங்கும் நடந்த ‘சிறுவர் கையில் கத்தி வேண்டாம்’ இயக்கத்தில் தண்டனை பெற்றது பென்சில் கத்தி. இந்த வேலை போன பிறகுதான் அது சேகரிப்போர் பொருளாயிற்று.

வகைப்பாடு

மடக்குக்கத்திக்காரர்களை மூன்று இனங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சேகரிப்போர். பழைய வகைக் கத்தியில் பூட்டு இருக்காது. முதுகுப்புற ஸ்பிரிங் ஒன்று அலகின் அடியை அழுத்திப் பிடித்திருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் அது எழுப்பும் ‘டக்’ ஓசையை இவர்கள் தங்க நகை வாங்குபவரின் முகபாவத்தோடு காதருகே வைத்துக் கேட்பார்கள். அந்தக் கத்தியால் ஒரு நூலைக்கூட அறுக்க மாட்டார்கள். அறுத்தால் தீட்ட வேண்டும், தீட்டினால் அலகு தேயும், தேய்ந்தால் மதிப்புப் போய்விடும்.

இரண்டாவது, தீட்டுவோர். இவர்களை இடது முன்கையை வைத்தே அடையாளம் காணலாம். கூர் பார்ப்பதற்காக மயிரை மழித்து மழித்து அங்கே ஒரு கையகல வழுக்கை விழுந்திருக்கும். வீட்டு நாளிதழ் நாடாநாடாவாகக் கிடந்தால் அது துணைச்சான்று. தெருவில் சாணை பிடிக்க வருபவரைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது. அவர் கல்லில் பறக்கும் ஒவ்வொரு தீப்பொறியும் பறிபோகும் எஃகு என்பார்கள். தாங்கள் கல்லில் தண்ணீர் விட்டு, இருபது பாகைக் கோணத்தில், ஓசையின்றி அதே எஃகைத் தேய்த்துத் தீர்ப்பார்கள்.

மூன்றாவது, பயன்படுத்துவோர். இவர்களே இவ்வாய்வின் மையம்.

களப்பணி

தகவலாளர்: ஆண், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், 8-ஆம் எண் ஓப்பினெல் உடையவர். அலகு 8.5 செ.மீ., துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகு. ஆய்வாளர் வாசற்படியில் அமர்ந்து கவனித்தவை வருமாறு.

கூரியர்காரர் ஒரு பெட்டி தந்துவிட்டுப் போனார்.

“ஏங்க, ஒட்டியிருக்கிற டேப்ப இழுத்தாலே வந்துடும்ங்க” என்றார் தகவலாளரின் மனைவி.

“இரு, இரு. அதுல கை வைக்காத.”

அலகு திறக்கப்பட்டது, வளையம் திருகப்பட்டது, டேப் நெடுக அறுபட்டது. உள்ளே மனைவி கேட்டிருந்த குக்கர் வளையம் இருந்தது. பெட்டியைப் பிரித்த பின்னும் தகவலாளர் ஓயவில்லை. அட்டையை நான்காக, பிறகு எட்டாக அறுத்தார். பழைய பேப்பர்காரருக்கு வசதியாக இருக்குமாம்.

பிற்பகலில் ஒரு கிளிமூக்கு மாங்காய் வந்தது. மாங்காய்ப் புளிப்புப் பட்டதும் கார்பன் எஃகு கறுக்கும் என்பது தெரிந்ததே. அலகில் நீலமும் சாம்பலுமாகத் திட்டுகள் படர்ந்தன. தகவலாளர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டுப்பட்ட மாங்காயின் ஓரமும் கறுத்தது.

“இரும்பு வாடை அடிக்குது. துருப்பிடிச்ச கத்தியில வெட்டிக் குடுத்தா யார் திம்பா?”

“துரு இல்ல இது, பேட்டினா. இது படிஞ்சாத்தான் துரு அண்டாது.”

வேதியியல் இவ்வழக்கில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி தீர்ப்பு அளிக்கிறது. சிவந்த துரு பொருக்காக உதிர்ந்து எஃகைத் தின்னும். கறுத்த படலம் ஒட்டி நின்று அதை ஓரளவு தடுக்கும். மாங்காய்க்கு இரண்டுமே கேடுதான் என்பதை மட்டும் தீர்ப்பு சொல்லாமல் விட்டுவிட்டது.

அம்மையார் கத்தியைக் கேட்டபோது தகவலாளர் அதை மடக்கித் திண்ணையில் வைத்தார், அவர் எடுத்துக்கொண்டார். கையோடு கையாகக் கொடுத்தால் சண்டை வரும் என்பது நம் வழக்கு. ஐரோப்பியரிலும் கத்தியைப் பரிசாகப் பெறுபவர் நட்பு அறுபடாமலிருக்க ஒரு நாணயம் திருப்பித் தருவதுண்டு. இந்த வீட்டில் வழக்கம் பிசகாமல் காக்கப்பட்டது. சண்டை ஏற்கெனவே முடிந்திருந்தது.

சீவல் இயல்

வெட்ட வேறெதுவும் இல்லாத நிலையில் தகவலாளர் குச்சிக்கு வந்தார். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் வெப்பாலை மரத்தைத் தேர்ந்தெடுப்பது அது மென்மையாகவும் நெருங்கிய இழையோடும் இருப்பதால். தகவலாளருக்குக் கிடைத்ததோ மின்வாரியத்தார் கம்பிக்காகத் தறித்துப் போட்ட வேப்பங்கிளை.

சீவும் முறையில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. வலக்கையில் கத்தி, இடக்கையின் கட்டைவிரல் அலகின் முதுகில் அழுத்த, கத்தி உடலைவிட்டு வெளிப்புறமாகச் சிறு சிறு தூரமே நகர்ந்தது. இழையின் போக்கில் போகும்போது சீவல் சுருண்டு விழுந்தது. இழை திரும்பிய இடத்தில் அலகு மரத்துக்குள் குத்திக்கொண்டது. உடனே கட்டையைத் திருப்பி மறுமுனையிலிருந்து சீவினார். கணு வந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மொக்கைக் கத்திதான் விரலை வெட்டும், கூர்க்கத்தி வெட்டாது என்று அவர் சொன்னதும் சரியே: மொக்கைக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், அழுத்தினால் வழுக்கும்.

அமெரிக்கச் சீவுகலைஞர்கள் ஒரே கட்டையில் ஒட்டாமல் கோத்த சங்கிலியும் கூண்டுக்குள் உருளும் பந்தும் செதுக்குவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இருமுனையும் கூராக்கிய கிட்டிப்புள்ளோடு எழுந்து விளையாடப் போய்விடுவார்கள். தகவலாளர் முதலில் அறிவித்தது கரண்டி. குழிவு ஒரு பக்கம் ஓடிவிட்டதால் அது வெண்ணெய்க் கத்தியாக மாறியது. நுனி பிளந்ததால் கிட்டிப்புள். ஒரு முனை ஒடிந்ததால் பல்குத்தி. இதிலிருந்து சீவலின் முதல் விதி பெறப்படுகிறது: செய்து முடித்த பொருள், செய்வதாகச் சொன்ன பொருளைவிட எப்போதும் சிறியது. இரண்டாம் விதி: அதைப்பற்றி ஆக்கியோனுக்கு வருத்தம் இராது.

சட்டமும் கத்தியும்

அரசுகள் இக்கத்தியை நீளத்தால் அறிய முயன்றுள்ளன. இந்திய ஆயுத விதிகளில் ஒன்பது அங்குல அலகு எல்லைக்கோடாக வருகிறது. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக்கத்திக்கே அனுமதி. 8-ஆம் எண் ஓப்பினெல் நீளத்திலும் பூட்டிலும் ஆக இரு முறை தவறு செய்கிறது. அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை 2013 மார்ச்சில் 6 செ.மீ. வரையிலான சிறு கத்திகளைப் பயணியர் அறைக்குள் அனுமதிப்பதாக அறிவித்தது. விமானப் பணியாளர் உள்ளிட்டோர் எதிர்க்கவே ஜூனில் கைவிட்டது. அக்கத்தியால் முப்பதாயிரம் அடி உயரத்தில் எதை வெட்டியிருப்பார்கள் என்பதை இரு தரப்பும் விளக்கவில்லை. உணவு முன்பே துண்டு போட்டுத்தான் வருகிறது.

பரிந்துரைகள்

கத்திக்கு வேலை இல்லாததே குற்றங்களுக்கும் குச்சிகளுக்கும் காரணம் என்பது தெளிவாகிவிட்டதால், அரசும் தொழில்துறையும் பின்வருவனவற்றைப் பரிசீலிக்க வேண்டும். ஒன்று, பள்ளிகளில் பென்சில் திருகிகளை ஒழித்து, பென்சில் சீவும் பொறுப்பை ஓய்வூதியர் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம். இரண்டு, பலகாரக் கடைகள் ரப்பர் பேண்டை விடுத்து மீண்டும் சணல் நூலால், அவிழ்க்க முடியாத முடிச்சோடு, பொட்டலம் கட்ட வேண்டும். மூன்று, மிக அவசரமானது: எண்ணெய்ப் பாக்கெட் முதல் பிஸ்கெட் உறைவரை ‘இங்கே கிழிக்கவும்’ என்று அச்சிட்டுப் பல்வெட்டுப் போட்டுத் தருவதை உடனே நிறுத்த வேண்டும். அந்த ஒரு வரி எத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது என்பது அச்சிடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.