கட்டம் கட்டும் மாஸ்டர்

குறுக்கெழுத்தை நிரப்புகிறவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, ஒரு பேனை, வெறுந்தேத்தண்ணி, அவ்வளவோடு அடங்கிவிடுவார்கள். கட்டத்தைக் கட்டுகிறவர் வேறு ரகம். பூனாகலைப் பக்கம் இந்த ரகத்தை மாஸ்டர் என்பார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவராக இருப்பார். சட்டைப் பையில் பென்சில், கக்கத்தில் குடை, குடைக்குள் சுருட்டிய கணக்குக் கொப்பி.

பத்திரிகையில் வரும் புதிரை அவர் மதிப்பதில்லை. விடை கட்டத்தில் ஒழுங்காக உட்காராவிட்டால் எழுத்துகளை மாற்றிப் போட்டுவிட்டு, குறிப்பில் ‘குழம்பியுள்ளது’ என்று அடைப்புக்குறி போடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டல்லவா? “சொல் குழம்பல, கட்டினவன் குழம்பியிருக்கான்” என்பார்.

அவருக்குக் கருப்பொருள் வேண்டும். பெரிய விடைகளெல்லாம் ஒரே கொடியில் காய்த்திருக்க வேண்டும். கொப்பியைத் தலைகீழாகப் பிடித்தாலும் கறுப்பும் வெள்ளையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். 1913இல் நியூயோர்க்கில் ஆர்தர் வின் என்பவர் போட்ட முதல் புதிர் வைரத்தின் வடிவில் இருந்தது என்பதைப் பண்டாரவளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த எவருக்கும் சொல்லாமல் விடமாட்டார். பதுளைக்கு ரயில் வந்த 1924இல்தான் அமெரிக்காவில் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம், பென்சிலோடு சேர்த்தே, விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் அப்புத்தளை வரைக்கும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

ஊர்களை அவர் பார்க்கும் விதமே தனி. வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து படமெடுக்கும் எல்ல அவருக்குத் தண்டம். நடுவில் புள்ளி வைத்த எழுத்து. அதிலிருந்து எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. கடைசி லகரத்திலும் தொடங்காது என்கிறது இலக்கணம். நல்லவேளை, தோட்டம் ‘லயம்’ கொடுத்திருக்கிறது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மூன்றும் ஒரே ‘ளை’யில் முடிவதை ஊவாவின் நிர்வாகக் கோளாறாகவே கருதுகிறார். தெமோதரையில் ரயில் பாதை வளைந்து வந்து ஸ்டேசனுக்கு அடியிலேயே புகுந்து போகிறதே, அதுபோலத் தன் அடியிலேயே புகுந்து போகும் ஒரு சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சொந்த ஊர்ப் புதிரில்தான் மாட்டிக்கொண்டார். நடுவில் இடமிருந்து வலமாகப் பூனாகலை, நான்கு கட்டம். ‘பூ’விலிருந்து கீழே பூசாரி. ‘லை’யில் வந்து முடியும்படி மேலிருந்து தேயிலை. மூன்றுக்கு மூன்று, அழகான பொருத்தம். ‘னா’வில் முடிய, தேயிலை பிறந்த சீனா. ‘க’விலிருந்து கீழே கங்காணி. அதற்கு அவர் எழுதிய குறிப்பு: ‘பேரில் காணி உண்டு, வேலை பிறர் காணியில் (4)’. “இருநூறு வருசமா நமக்குக் கிடைக்காத காணி, அந்தாளுக்குப் பேரிலயே கிடைச்சிருக்கு பாருங்க” என்று அவரே ரசித்துச் சிரித்தார். பிறகு கொப்பியைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கீழே கங்காணிக்கு நான்கு கட்டம். மேலே சீனாவுக்கு இரண்டு. சமச்சீர் போச்சு.

கங்காணியை எடுத்துவிட்டுக் ‘கடை’ போட்டால் சரியாகிவிடும். ஆனால் அந்தக் குறிப்பை விட மனம் வருமா? ‘னா’வில் முடியும் நாலெழுத்துத் தேயிலைச் சொல்லுக்காக மலையெல்லாம் அலைந்தார். கடைசியில் வீட்டுக்கார அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: “கடைன்னே போட்டுட்டு, அப்படியே அந்தக் கடைக்குப் போயி பருப்பு வாங்கிட்டு வாங்க.”

கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த பட்டதாரி மருமகனுக்கு மாஸ்டர் ஒருமுறை குறிப்பு ஒன்றைக் கொடுத்தார்: ‘எல்லாருக்கும் ஒன்று; கொழுந்து குறைந்தால் பாதி (2)’. மருமகன் ஃபோனில் தேடினார், அகராதியைப் புரட்டினார், குறிப்பே பிழை என்றார். மாஸ்டருக்கு முகமெல்லாம் பல். அந்த நேரம் பார்த்துக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர், கூடையைக்கூட இறக்காமல், “பேருதானே மாஸ்டர்? இன்னிக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்றுதான் சொல்வார்கள். மருமகன் தோற்ற சந்தோசம் மாஸ்டருக்கு ஐந்து நிமிசம்கூட நிற்கவில்லை. அன்றிரவே அந்தக் குறிப்பை அழித்து இன்னும் கஷ்டமாக எழுதினார்.

விடை யாருக்கும் வராவிட்டால் ஊருக்குத் தமிழ் தெரியாது என்று வருத்தம். வந்துவிட்டால் தன் குறிப்பில் சரக்கில்லை என்று அதைவிட வருத்தம். இந்த ரகத்துக்கு மருந்து கிடையாது.

பூனாகலை பஸ்ஸில் குடையும் கொப்பியுமாக ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று அன்பாகக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். எந்த ஊரை வேண்டுமானாலும் சொல்லுங்கள். மாத்தளை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.